அம்பின் கூர்மையும் நம் பொறுப்பும்: மான் வேட்டைக்கு எந்த முனை?

(அன்னவாசல் ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் என்று இருந்தது போக, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்கள் உண்டு. இந்த இரண்டு நாடுகளிலும் பல இடங்களில் அரசாங்கமே உரிமம் கொடுத்து மான் வேட்டைக்கு அனுமதிக்கிறது. அமெரிக்காவில் வில்லால் வேட்டையாடுவதற்கென்றே தனிப் பருவம் வைத்திருக்கிறார்கள். அப்படி இருக்கும் இளைஞர்களிடமிருந்து வரும் கேள்வி இது: "ஹஜ்ரத், அம்பில் மாட்டும் முனை இரண்டு வகையாக விற்கிறார்கள். ஒன்று அசையாத முனை. மற்றொன்று பட்டவுடன் விரியும் முனை. எதை வாங்குவது? இரண்டில் எதில் விழுந்த மான் ஹலால்?"

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. கடைக்காரர் சொல்லிவிடுவார், இணையத்தில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இதில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. நம் வீட்டுச் சட்டியில் வேகும் இறைச்சி ஹலாலா என்பது ஒன்று. ஒரு வாயில்லா ஜீவன் எவ்வளவு நேரம் துடித்தது என்று நாளை நாம் பதில் சொல்ல வேண்டியிருப்பது இரண்டாவது. நாம் வாழும் நாட்டின் சட்டத்துக்கு நாம் கொடுத்த வாக்கு மூன்றாவது. எனவே இதைப் பாடமாகவே பார்ப்போம்.

இரண்டு முனைகளும் எப்படி வேலை செய்கின்றன?

முதலில் கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும். கருவி தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்றைய காம்பவுண்ட் வில்லில் இருந்து புறப்படும் அம்பு சுமார் 26 கிராம் எடை இருக்கும். விநாடிக்கு ஏறத்தாழ 80 மீட்டர் வேகத்தில் போகும். அதன் ஆற்றலைக் கணக்கிட்டால் 80 முதல் 100 ஜூல் வரும். மான் வேட்டைக்குப் பயன்படும் துப்பாக்கித் தோட்டாவுக்கோ 2500, 3500 ஜூல் என்று போகும். அதாவது அம்பு அடித்து வீழ்த்துவதில்லை. அதிர்ச்சி கொடுத்துக் கொல்வதும் இல்லை. அறுத்துத்தான் கொல்கிறது. இரண்டு நுரையீரல்களையும் ஊடுருவி, இரத்தக் குழாய்களை அறுத்துவிட்டால் மான் சில விநாடிகளில் தள்ளாடி விழுந்துவிடும். அறுக்கவில்லை என்றால் அம்பினால் பயன் இல்லை. ஆகவே அம்பின் முழுச் சக்தியும் அதன் நுனியில் இருக்கும் அலகில்தான் இருக்கிறது. இந்த அலகுள்ள முனையைத்தான் பிராட்ஹெட் என்கிறார்கள். பெரும்பாலும் 100 அல்லது 125 கிரெய்ன் எடையில் வரும். 100 கிரெய்ன் என்பது ஏறத்தாழ ஆறரை கிராம்.

அசையாத முனையில் இரண்டு, மூன்று அல்லது நான்கு அலகுகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அசையும் பாகம் எதுவும் கிடையாது. அது வெட்டும் அகலம் பெரும்பாலும் 1 முதல் 1¼ அங்குலம். வில்லில் எப்படி மாட்டினோமோ அப்படியே போய், அப்படியே நுழையும். எலும்பில் பட்டாலும் கூடுமானவரை தாங்கும். மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். இதன் குறை, அலகுகள் காற்றைப் பிடிப்பதுதான். வில் சரியாகச் சீர்செய்யப்படாமல் இருந்தால், பயிற்சி முனையில் பட்ட இடத்தில் இந்த முனை படாது. நான்கு விரல், ஒரு சாண் என்று விலகும்.

விரியும் முனையில் அலகுகள் மடங்கி இருக்கும். பறக்கும்போது காற்றுக்கு வேலை இல்லை. அதனால் பயிற்சி முனை போலவே நேராகப் போகும். தோலில் பட்டவுடன் அலகுகள் விரியும். 1½ அங்குலம், 2 அங்குலம், அதற்கு மேலும் வெட்டும். பெரிய காயம் என்பதால் இரத்தம் அதிகம் சிந்தும், மானைத் தேடிப் போவது எளிது. குறை என்னவென்றால், அலகு விரிவதற்கும், அகலமாக வெட்டுவதற்கும் அம்பின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிவிடும். வில்லின் இழுவை குறைவாக இருந்தால் அம்பு ஆழமாகப் போகாது. சாய்வாகப் பட்டால் வழுக்கலாம். அலகைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் காய்ந்துபோனால், பறக்கும்போதே விரியலாம். உள்ளே மண்ணோ துருவோ இருந்தால் விரியாமலும் போகலாம். அசையும் பாகம் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் அசையாமல் போகும் என்பதை நம் ஊர் மோட்டார் மெக்கானிக்கிடம் கேட்டால்கூடச் சொல்வார்.

நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அளவுகோல்

சகோதரர்களே! இந்த முனைகள் எல்லாம் இந்தக் காலத்துத் தயாரிப்புகள். ஆனால் இவற்றை அளந்து பார்க்கும் கோல் 1400 ஆண்டுகளுக்கு முன்பே நமக்குத் தரப்பட்டுவிட்டது.

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் தய்யி குலத்தவர். கொடைக்குப் பேர்போன ஹாத்திமின் மகன். வேட்டையில் பழக்கமுள்ளவர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் இறகில்லாத, கனமான ஒருவகை எறியம்பைப் பற்றிக் கேட்டார். அரபியில் அதற்கு மிஃராள் என்று பெயர். அதற்கு நபியவர்கள் தந்த விடையின் சாரம் இதுதான்: அதன் கூர்மையான பகுதி பட்டு, துளைத்துச் செத்தால் சாப்பிடலாம். அதன் அகலவாட்டுப் பகுதி பட்டுச் செத்தால் அது அடிபட்டுச் செத்தது, சாப்பிடக் கூடாது. இந்தச் செய்தி புகாரியில் 5475ஆவது ஹதீஸாக இடம்பெற்றிருக்கிறது, முஸ்லிமிலும் உள்ளது.

அடிபட்டுச் செத்தது என்றால் என்ன? அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆவது வசனத்தில் அல்லாஹ் ஹராமானவற்றை வரிசைப்படுத்துகிறான். தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி இவற்றோடு, கழுத்து நெரிபட்டுச் செத்தது, அடிபட்டுச் செத்தது, மேலிருந்து விழுந்து செத்தது, முட்டுப்பட்டுச் செத்தது ஆகியவற்றையும் சொல்கிறான். இவை எல்லாவற்றிலும் உயிர் போயிருக்கிறது, ஆனால் அறுபடவில்லை. அதே அத்தியாயத்தின் 4ஆவது வசனத்தில் பழக்கப்படுத்திய வேட்டைப் பிராணிகள் பிடித்ததை அனுமதிக்கிறான். 94ஆவது வசனத்தில், இஹ்ராமில் இருப்பவர்களுக்குக் கைகளும் ஈட்டிகளும் எட்டுகிற தூரத்தில் வேட்டைப் பிராணிகளை அனுப்பிச் சோதிப்பதாகச் சொல்கிறான். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வேட்டை என்பது உணவு தேடுவது மட்டும் அல்ல, அது ஒரு சோதனையும்கூட. கைக்கு எட்டுகிறது, எவரும் பார்க்கவில்லை, அப்போது நீ என்ன செய்கிறாய் என்ற சோதனை.

ஆக, அளவுகோல் பெயரில் இல்லை, விலையில் இல்லை, புதுமையில் இல்லை. உயிர் எதனால் போனது என்பதில்தான் இருக்கிறது. கூர்மை அறுத்ததாலா? கனம் அடித்ததாலா?

நம் மண்ணில் இருந்த ஓர் எடுத்துக்காட்டு

இந்தச் சட்டம் அரபு நாட்டுப் பாலைவனத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இதை அப்படியே விளக்கும் ஓர் ஆயுதம் நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே இருந்தது. அதுதான் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள். பிறை வடிவம். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், சில சமயம் இரும்பிலும் செய்வார்கள். ஒரு முனை கனமாகவும் மறுமுனை இலேசாகவும் இருக்கும். வெளிவிளிம்பைக் கூராக்கி வைப்பதும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், இந்த வளரியால் முயல் போன்ற சிறு பிராணிகளை வீழ்த்தினார்கள் என்ற செய்தி இருக்கிறது.

இப்போது யோசியுங்கள். ஒருவர் பிஸ்மில்லாஹ் சொல்லி வளரியை வீசுகிறார். அதன் கூரான விளிம்பு முயலை அறுத்தது, முயல் செத்தது. இது கூர்மையால் செத்தது. அதே வளரி, அதே கை, அதே முயல். ஆனால் தடியின் தட்டையான பகுதி மண்டையில் பட்டுச் செத்தது. இது அடிபட்டுச் செத்தது. ஒரே ஆயுதத்தில் ஒரு வீச்சு ஹலால், மறு வீச்சு ஹராம். அதீ (ரலி) அவர்கள் கேட்டதும் இதேதான்.

உண்டிவில், கவண் இவற்றின் நிலையும் இதிலிருந்து விளங்கும். கூழாங்கல்லுக்குக் கூர்மை இல்லை. உண்டிவில்லால் அடித்துப் புறா செத்து விழுந்தால் அதைச் சாப்பிட வழியில்லை. விழுந்தபோது உயிர் இருந்து, முறைப்படி அறுத்திருந்தால்தான் மார்க்கச் சட்டப்படி ஹலால். விரலிடுக்கில் கல்லை வைத்துச் சுண்டி எறிவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி 5479). அதனால் வேட்டையும் கிடைக்காது, எதிரியும் வீழமாட்டான், பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தெருவில் உண்டிவில்லோடு திரியும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

விரியும் முனையால் செத்த மான் ஹலாலா?

இப்போது கேள்விக்கு வருவோம். அசையாத முனையில் குழப்பம் இல்லை. அது சிறிய கத்திதான். நுழைகிறது, அறுக்கிறது. நபியவர்கள் அனுமதித்த கூர்மைக்குள் அது நேரடியாக அடங்கிவிடும்.

விரியும் முனையைப் பற்றிச் சிலருக்குத் தயக்கம் வருகிறது. பட்ட வேகத்தில்தானே விரிகிறது, அப்படியானால் அது அடியா, அறுப்பா என்று கேட்கிறார்கள். விடை இதுதான்: மோதல் அலகைத் திறக்கிறது, கொல்வது அலகு. கத்தியை உறையிலிருந்து எடுப்பதும் அறுப்பதும் வெவ்வேறு. விரிந்த அலகு தோலையும் நுரையீரலையும் அறுத்து, அதனால் உயிர் போயிருந்தால் அது கூர்மையால் செத்ததுதான். எனவே விரியும் முனை என்ற ஒரே காரணத்துக்காக அதை ஹராம் என்று சொல்ல இடமில்லை.

அலகு விரியாமல் போனால்? முனையின் நுனி கூராக இருந்து உள்ளே துளைத்து, அந்தக் காயத்தால் செத்திருந்தால் அதுவும் துளைத்துச் செத்ததுதான். ஆனால் நுனி உள்ளே நுழையாமல் எலும்பில் மோதி, அந்த அடியால் செத்திருந்தால் அது கூடாது. எதனால் செத்தது என்றே விளங்கவில்லை, காயத்தாலா அடியாலா என்று சந்தேகம் என்றால்? ஹனஃபீ சட்ட நூல்கள் இதில் பேணுதலின் பக்கம் சாய்கின்றன. சந்தேகம் இருந்தால் விட்டுவிட வேண்டும். சிறு பிராணிகளுக்கென்று விற்கும் மொட்டை முனைகளும் உண்டு. ரப்பர் அல்லது இரும்புக் குமிழ் போன்றவை. அவற்றால் அடிபட்டுச் செத்தது தெளிவாகவே மவ்கூதா, அதாவது அடிபட்டுச் செத்தது.

துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதும் இதே அடிப்படையில்தான். அது துளைக்கிறது, எனவே கூடும் என்றார்கள் இமாம் ஷவ்கானீ (ரஹ்). அது வேகத்தாலும் சூட்டாலும் தள்ளிக் கொல்கிறது, கூர்மை இல்லை என்றார்கள் ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்). அம்பின் முனையில் இந்தச் சிக்கல் இல்லை. அலகின் கூர்மை கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டும் ஹலாலுக்கு வழி என்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. ஹலால் என்பது வாசல்படி. அதற்கு மேலே இஹ்ஸான் என்று ஒன்று இருக்கிறது. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் வருகிறது. எல்லாவற்றிலும் நேர்த்தியை அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு நிம்மதி கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆட்டின் கழுத்துக்குக் கத்தி தீட்டுவது கடமை என்றால், இருபது கஜத்தில் நிற்கும் மானுக்கு அம்பு தீட்டுவதும் கடமைதான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும்.

உங்கள் வில்லின் இழுவை 40, 45 பவுண்டு என்றால், அல்லது நீங்கள் புதிதாகக் கற்பவர் என்றால், அசையாத முனையை எடுங்கள். உள்ள ஆற்றல் முழுவதும் உள்ளே போவதற்கே வேண்டும், அலகைத் திறக்கச் செலவழிக்க அதில் மிச்சம் இல்லை. கடமான், எல்க் போன்ற பெரிய உடலுள்ள பிராணி என்றாலும் அசையாத முனையே மேல். தோலும் விலாவும் தடிப்பு, ஆழம்தான் முக்கியம்.

உங்கள் வில் 60 பவுண்டு, அதற்கு மேல், குறி வைப்பது சராசரி உடலுள்ள வெள்ளைவால் மான், அது பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும்தான் எய்வேன் என்ற உறுதி உங்களிடம் இருக்கிறது என்றால், விரியும் முனை ஏற்றது. பெரிய காயம், விரைவான மரணம், தெளிவான இரத்தத் தடம். ஆனால் அது புதியதாக இருக்க வேண்டும். ஒருமுறை எய்த முனையை மறுமுறை நம்பக் கூடாது. வளையத்தையும் அலகையும் ஒவ்வொரு முறையும் கையால் சோதிக்க வேண்டும்.

இரண்டிலும் தயக்கமா? அசையாத முனையை எடுங்கள். ஏனென்றால் அதன் குறையை நீங்கள் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். வில் சீராக இல்லை என்றால் பயிற்சிப் பலகையிலேயே அது விலகிப் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் சரிசெய்துகொள்ளலாம். விரியும் முனையின் குறையோ மானின் உடம்பில் பட்ட பிறகுதான் தெரியவரும். நம் குறைக்கு விலை கொடுப்பது பலகையாக இருப்பது நல்லது, உயிராக இருக்க வேண்டாம்.

எந்த முனை என்பதைவிட முக்கியம், அதே முனையோடு பயிற்சி செய்திருப்பது. பயிற்சி முனையில் பத்து நாள் எய்துவிட்டு, வேட்டை நாளில் புது முனையை மாட்டிக்கொண்டு போவது நேர்மையல்ல. வில்வித்தையை நபியவர்கள் ஊக்கப்படுத்தினார்கள். கற்ற பிறகு அதைக் கைவிடுவதைக் கண்டித்தார்கள். ஆனால் அதே நபியவர்கள்தான், உயிருள்ள எதையும் குறிபார்க்கும் இலக்காக நிறுத்தி வைப்பதைத் தடுத்தார்கள். பயிற்சிக்குப் பலகை, உணவுக்கு மட்டும் உயிர்.

எய்வதற்கு முன்னும் பின்னும்

அம்பை விடும் நேரத்தில் அல்லாஹ்வின் பெயரைச் சொல்ல வேண்டும். அறுக்கும்போது பிஸ்மில்லாஹ் அந்தப் பிராணிக்காகச் சொல்லப்படுகிறது. வேட்டையில் அது அம்புக்காகச் சொல்லப்படுகிறது என்று ஹனஃபீ அறிஞர்கள் விளக்குகிறார்கள். எனவே ஓர் அம்பை எடுத்துப் பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, அதை வைத்துவிட்டு வேறு அம்பை எடுத்தால் மீண்டும் சொல்ல வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் வேண்டுமென்றே விட்டால் அந்த வேட்டை ஆகாது, மறந்தால் மன்னிப்பு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத். எந்த மத்ஹபாக இருந்தாலும் விடாமல் சொல்வதே நமக்குப் பாதுகாப்பு.

தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 80 மீட்டர் போகும் அம்பு 20 கஜத்தைக் கடக்கக் கால் விநாடி போதும். 40 கஜம் என்றால் ஏறத்தாழ அரை விநாடி. நாண் ஒலி கேட்டு மான் குனிந்து பாய அந்த அரை விநாடி தாராளம். நெஞ்சுக்கு எய்த அம்பு முதுகிலோ வயிற்றிலோ படும். பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குப் பின்னால், நுரையீரல் இருக்கும் இடமே குறி. எதிர்முகமாக நிற்கும்போதும், ஓடும்போதும் எய்யாதீர்கள். எய்யாமல் திரும்பி வந்தவருக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

எய்த பிறகு ஒரு நுட்பமான பிரச்சினை வருகிறது. அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள், உடனே துரத்தாதே என்பார்கள். நுரையீரலில் பட்டிருந்தால் இரத்தம் நுரையோடு வெளிர்சிவப்பாக இருக்கும், அரை மணி நேரம் பொறுத்துப் போ. ஈரலில் பட்டிருந்தால் கருஞ்சிவப்பு, சில மணி நேரம் பொறு. குடலில் பட்டிருந்தால் பச்சை நிறக் கசிவும் நாற்றமும் இருக்கும், எட்டு மணி நேரத்துக்கு மேல்கூடப் பொறு என்பார்கள். துரத்தினால் அது வெகுதூரம் ஓடித் தொலைந்துபோகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம் ஹனஃபீ சட்ட நூல்களோ, கண்ணில் இருந்து மறைந்த வேட்டையைத் தேடுவதை விட்டு உட்கார்ந்துவிடக் கூடாது என்று நிபந்தனை வைக்கின்றன. இரண்டையும் எப்படி இணைப்பது?

தேடுவதைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போவது வேறு, கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அமைதியாகக் காத்திருப்பது வேறு. நிபந்தனையின் நோக்கம் அலட்சியத்தைத் தடுப்பது. அந்த அரை மணிக் காத்திருப்பு தேடலின் ஒரு பகுதிதான் என்று விளங்கிக்கொள்ள இடமிருக்கிறது. ஓரிரு நாள் கழித்துக் கண்டெடுத்த வேட்டையில் தன் அம்பின் அடையாளம் மட்டுமே இருந்தால் சாப்பிடலாம், தண்ணீரில் விழுந்து கிடந்தால் சாப்பிடக் கூடாது என்று அதீ (ரலி) அவர்களின் அறிவிப்பிலேயே (புகாரி 5484) வந்திருப்பது இதற்குத் துணை. தண்ணீரில் கிடந்தால் அம்பு கொன்றதா, தண்ணீர் கொன்றதா என்பது தெரியாது. பள்ளத்தில் விழுந்து கிடந்தாலும் இதே சந்தேகம்தான். ஆனால் குடலில் பட்டு எட்டு மணி நேரம் காத்திருக்கும் நிலைமை, அதை அந்தந்த ஊர் ஆலிமிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இவ்வளவு நேரம் முனையையும் தூரத்தையும் பற்றிப் பேசினோம்.

போய்ச் சேரும்போது மானுக்கு உயிர் இருந்தால், உடனே முறைப்படி அறுக்க வேண்டும். அறுக்க அவகாசம் இருந்தும் அறுக்காமல் விட்டுச் செத்தால் அது ஹராமாகிவிடும். எனவே இடுப்பில் கூரான கத்தி இல்லாமல் வேட்டைக்குப் போகக் கூடாது.

சட்டம் எங்கே அனுமதிக்கிறதோ அங்கே மட்டும்

இதுவரை சொன்னது அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு. அங்கேயும் உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாம் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் முனையின் வெட்டகலம் குறைந்தது 7/8 அங்குலம், அதாவது 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விரியும் முனைக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிட்டனில் வில்லால் மானை வேட்டையாடுவதே குற்றம். வாங்குவதற்கு முன் அந்த ஊர்ச் சட்டத்தைப் படியுங்கள். விசாவில் கையெழுத்துப் போட்டு ஒரு நாட்டுக்குள் நுழைந்தவர் அந்த நாட்டுச் சட்டத்துக்கு வாக்குக் கொடுத்தவர். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்றுதான் தொடங்குகிறது. வேட்டையைப் பற்றிப் பேசப்போகும் அத்தியாயம் வாக்கைப் பற்றிப் பேசித் தொடங்குவதைச் சிந்தியுங்கள்.

இங்கே, அன்னவாசலில் இருக்கும் நமக்கு நிலைமை தெளிவு. சமஸ்தான காலத்தில் மன்னருக்கென்று வேட்டைக் காடுகள் இருந்தன. அந்தக் காலம் 1948இல் முடிந்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று மானை எந்த முனையாலும் வேட்டையாட அனுமதி இல்லை. வில், துப்பாக்கி, கண்ணி, நாய், வலை எதுவானாலும் குற்றமே. முதல் அட்டவணையில் உள்ள வெளிமான், மயில் போன்றவற்றுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. விராலிமலைப் பக்கம் மயில் தோட்டத்துக்கு வருகிறது, நார்த்தாமலைப் பக்கம் மான் ரோட்டுக்கு வருகிறது என்பதால் அது யாருடைய சொத்தும் ஆகிவிடாது. முயலுக்கும் பாதுகாப்பு உண்டு. "மான்கறி வந்திருக்கிறது, வேண்டுமா?" என்று யாராவது இரகசியமாகக் கேட்டால், வாங்குவதும் குற்றமே. அது கண்ணியில் நெரிபட்டதா, மின்வேலியில் மாட்டியதா, வாகனத்தில் அடிபட்டதா என்று யாருக்குத் தெரியும்? அவை எல்லாம் நாம் மேலே பார்த்த 3ஆவது வசனத்தின் பட்டியலுக்குள் வந்துவிடும். சட்டத்துக்கும் பகை, மார்க்கத்துக்கும் பகை.

அல்லாஹ் அனுமதித்ததை அரசாங்கம் எப்படித் தடுக்கலாம் என்று சிலர் கேட்கலாம். ஹலாலான மான், இஹ்ராம் கட்டியவருக்கு ஹராமாகிவிடுகிறது. மக்காவின் புனித எல்லைக்குள் எல்லோருக்கும் ஹராமாகிவிடுகிறது. மதீனாவின் எல்லைக்குள்ளும் வேட்டை கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பிராணி மாறவில்லை. இடமும் நேரமும் மாறின. வேட்டை என்பது எங்கும் எப்போதும் நமக்குள்ள உரிமை அல்ல, எல்லைக்குட்பட்ட அனுமதி என்பதை இது காட்டுகிறது. பொதுநலனுக்காக, ஓர் இனம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக ஆட்சியாளர்கள் போடும் வரம்பை மதிப்பது நம் மார்க்கத்துக்கு அந்நியமானது அல்ல.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல் மலை இருக்கிறது. எந்த உயிரையும் கொல்லாமை என்ற கொள்கையோடு சமண முனிவர்கள் அந்தப் பாறைப் படுக்கைகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார்கள். நம் மார்க்கம் இறைச்சியை அனுமதிக்கிறது, நம் வழி வேறு. ஆனால் அனுமதி பெற்றவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். ஓர் உயிரை எடுக்க அல்லாஹ்வின் பெயரால் உத்தரவு வாங்குகிறோம். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு மழுங்கிய முனையையும் அலட்சியமான குறியையும் வைத்துக்கொள்வது அந்தப் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை அல்ல.

சுருக்கமாக

சகோதரர்களே! வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். முதலில் சட்டத்தைப் பார். பிறகு உன் வில்லின் பலத்தைப் பார். இலேசான வில்லுக்கும் பெரிய பிராணிக்கும் அசையாத முனை. பலமான வில், பக்கவாட்டுக் குறி என்றால் விரியும் முனையும் ஆகும். தயக்கம் என்றால் அசையாத முனை. மொட்டை முனையால் செத்தது ஆகாது. எய்யும்போது பிஸ்மில்லாஹ், போய்ச் சேரும்போது உயிர் இருந்தால் அறுப்பு, சந்தேகம் என்றால் விட்டுவிடு. வெறும் பொழுதுபோக்குக்காக உயிரை எடுக்காதே, கொன்றதை வீணாக்காதே. வேட்டைக்குப் பின்னால் ஓடி, தொழுகை நேரத்தைக் கோட்டை விட்டுவிடாதே.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலாகவும் தூய்மையாகவும் ஆக்கி வைப்பாயாக! எங்கள் கைக்கு எட்டியதிலும் எட்டாததிலும் உன் வரம்பைப் பேணும் மனிதர்களாக எங்களை ஆக்குவாயாக! வாயில்லா ஜீவன்களின் வேதனைக்கு எங்களைக் காரணமாக்கிவிடாதே! தூரதேசங்களில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு மார்க்க விளக்கத்தையும் பாதுகாப்பையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.